மறுபக்கம் காலி

அன்புள்ள சார்,

இசை பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்து வருகிறேன். எனக்கு ஒரு மனக்குறை. நாங்கள் பதினோரு பேர், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். பிடித்த ஆல்பங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம் என்று போன வருடம் ஆரம்பித்தோம். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. இப்போது நாளைக்கு ஏழெட்டு லிங்க் வருகிறது. யாரும் எதையும் கேட்பதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் கேட்பதில்லை.

சமீபத்தில் நான் உயிராக நினைக்கும் ஓர் ஆல்பத்தை அனுப்பினேன். இரண்டாவது நிமிடமே ஒருவன் 'செம' என்று போட்டான். அந்த ஆல்பம் 52 நிமிடம் ஓடும். மற்றவர்கள் கட்டைவிரலோடு சரி. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றால் சிரிப்பீர்கள்.

பிடித்த இசையை இன்னொருவருக்கு எப்படித்தான் கொடுப்பது? நீங்கள் புதிய இசையை எங்கிருந்து பிடிக்கிறீர்கள்? ஒற்றைப் பாட்டாகக் கேட்டுவிட்டுப் போகிற காலத்தில் ஆல்பம், ஆல்பம் என்று தொங்கிக்கொண்டிருப்பது வீண் வேலையா?

க.,
திருநெல்வேலி

அன்புள்ள க.,

சிரிக்கவில்லை. நான் அதைவிட மோசமாகச் சொதப்பியிருக்கிறேன். ஒரு நண்பருக்கு ஜாஸ் அறிமுகம் செய்கிறேன் பேர்வழி என்று ஒரே வாரத்தில் இருபது ஆல்பங்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். பதிவான வருடம், யார் யார் என்ன வாசித்தார்கள் எல்லாம் போட்டு, அடிக்கோடு கிழித்து. அவர் இன்றுவரை ஜாஸ் கேட்கவில்லை. என்னைக் கண்டால் பேச்சை கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுகிறார்.

ஆல்பம் என்றால் நம் வீடுகளில் முதலில் கல்யாண ஆல்பம்தான். இசைக்கு அந்தப் பெயர் வந்ததும் ஏறக்குறைய அதே வழியில்தான். பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் அடங்கும். ஒரு சிம்பொனி முழுதாக வேண்டுமென்றால் நாலைந்து தட்டுகள் தேவைப்படும். அவற்றைத் தடித்த அட்டை போட்ட புத்தகத்தில், பக்கத்துக்கு ஓர் உறையாகச் செருகி விற்றார்கள், போட்டோ ஆல்பம் மாதிரியே. 1948இல் எல்.பி. என்ற நெடுநேரத் தட்டு வந்து ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் அடங்கியதும் புத்தகம் போய்விட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது கல்யாண ஆல்பத்தை விருந்தாளி கையில் கொடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். காபி ஆறிக்கொண்டிருக்கும். அவர் புரட்டுவார். 'இது யாரு?' என்பார், பதிலைக் காதில் வாங்காமலே அடுத்த பக்கம் போவார். நாலாவது பக்கத்துக்கு மேல் எல்லா முகமும் ஒன்றுதான் அவருக்கு. 'நல்லா எடுத்திருக்காங்க' என்று மூடி வைத்துவிடுவார். உங்கள் நண்பன் சொன்ன 'செம' அதுதான், அவன் மேல் கோபப்படாதீர்கள். ஆனால் வீட்டில் ஓர் அத்தை இருப்பார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதுல பின்னாடி முறைச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான் பொண்ணோட தாய்மாமா. மாலை மாத்துறப்ப தன்னைக் கூப்பிடலைன்னு அன்னிக்குப் பூரா சண்டை" என்று ஒன்றே ஒன்று சொல்வார். அவ்வளவுதான். விருந்தாளி முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மாமாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் பதினோரு பேரில் அந்த அத்தை இல்லை.

எனக்கு அப்படி ஒருவன் கிடைத்தான், விடுதியில், 1995 வாக்கில். விடுமுறைக்குக் கிளம்பும் அன்று ஒரு 90 நிமிட டி.டி.கே. கேசட்டைக் கையில் திணித்தான். உள்ளட்டையில் நீல பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது: 'ஏ பக்கம்: கூடர், பட். கடைசிப் பாட்டை முதலில் கேள். பி பக்கம் காலி. நீ நிரப்பிக் கொடு.'

அது 'எ மீட்டிங் பை தி ரிவர்'. அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட்டும் 1992 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில், ஒரு தேவாலயத்துக்குள் உட்கார்ந்து வாசித்தது. மொத்தமே நாலு பாடல், நாற்பது நிமிடம். 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். இருவரும் நேரில் சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் பதிவு தொடங்கிவிட்டது. தபலாவுக்கு சுக்விந்தர் சிங், டும்பெக் என்ற மேளத்துக்கு கூடரின் மகன் யோவாக்கிம். பையனுக்கு அப்போது வயது பதினான்கு.

கடைசிப் பாட்டு 'இசா லே'. பிஜித் தீவில் விடைபெறும்போது பாடுகிற பாட்டு. (பிஜி என்றால் நமக்குப் பாரதியின் கரும்புத் தோட்டம்தான் ஞாபகம் வரும். அங்கே வழியனுப்பும் பாட்டும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.) மெட்டு எளிமையானது, தாலாட்டு மாதிரி. அதில் யார் வாசிப்பது கூடர், யார் வாசிப்பது பட் என்று பிரித்துக்கொள்ள எனக்கு நாலைந்து தடவை ஆனது. காரணம், இருவருமே தந்தியை விரலால் அழுத்தவில்லை, சறுக்குகிறார்கள். கூடர் விரலில் மாட்டிய குழாயால். பட் மடியில் கிடத்திய மோகன வீணையில் உலோகக் கோலால். ஆனால் பட் நிறுத்திய பிறகும் அடியில் ஒரு மினுமினுப்பு தங்குகிறது. தானாக அதிரும் துணைத் தந்திகள். அதைப் பிடித்துவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்திருந்தால், அந்த வயதில், பாதியில் தூங்கியிருப்பேன்.

சரி, பி பக்கம். என்ன நிரப்புவது? இரண்டு நாள் யோசித்தேன். என்னிடம் இருந்தவை எல்லாம் அவனிடமும் இருந்தன. அப்புறம் ஒரு சனிக்கிழமை இரவு வானொலியில் கோட்டுவாத்தியக் கச்சேரி வந்தது. மடியில் வைப்பதில்லை, தரையில் கிடத்தி மரக்கட்டையால் சறுக்குவது. அட, இது நம் ஊர்ச் சறுக்கல் அல்லவா என்று டூ இன் ஒன்னில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். நடுவில் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் தளர்ந்து எழுந்திருக்கிறது. அதனால் திரும்பப் போட்டால் தோடி ஆலாபனையின் நடுவே ஓர் இடத்தில் சுருதி கீச்சென்று மேலே ஏறி இறங்கும். வெட்கத்தோடுதான் கொடுத்தேன். அவன் ஒரு வாரம் கழித்து வந்து, "அந்த இடம் வர்றப்பல்லாம் உங்க ஊர்ல விளக்கு மங்குறது தெரியுதுடா" என்றான். முப்பது வருடம் ஆகிறது, இன்னும் நாங்கள் ஒருவருக்கொருவர் ஒன்று கொடுத்து ஒன்று வாங்குகிறோம். மாதம் ஒன்று. சில மாதம் அதுவும் கிடையாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். பதினோரு பேருக்கு அனுப்பாதீர்கள், ஒருவருக்கு அனுப்புங்கள். எங்கே காதை வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். 'மாஸ்டர்பீஸ்' என்று எழுதினால் அது வரி இல்லை, மிரட்டல். பதிலுக்கு அவரிடமிருந்து ஒன்று வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் என்ன, மொய் எழுதுவதில் நமக்கு இல்லாத பழக்கமா?

புதிய இசை எங்கிருந்து என்றால், உறையில் இரண்டாவது, மூன்றாவதாக அச்சடித்திருக்கும் பெயர்களிலிருந்து. இப்போதைய செயலிகளில் பெரும்பாலும் முதல் பெயரோடு முடிந்துவிடுகிறது. மற்றதைத் தோண்ட வேண்டும். கேசட்டைக் கேட்டுப் பல வருடம் கழித்து அந்த ஆல்பத்தின் சிடியை வாங்கியபோது, தயாரித்துப் பதிவு செய்தவர் பெயர் கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர் என்றிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். இலங்கையில் பிறந்தவர், சாண்டா பார்பராவில் 'வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர். கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் வால்வு போட்ட பழைய பாணிக் கருவிகளை வைத்து, நேராக நாடாவில் பதிகிற ஆள். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அதே விஸ்வ மோகன் பட்டை, ஊத் என்ற அரபுத் தந்திக் கருவி வாசிக்கும் ஒரு பாலஸ்தீனக் கலைஞரோடு, அமெரிக்க பான்ஜோக்காரரோடு எல்லாம் உட்காரவைத்திருக்கிறார். எல்லாமே தேறாது. சிலவற்றில் இருவரும் மரியாதையாக ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருப்பார்கள், யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள்.

கூடர் பெயரைப் பிடித்துப் போனது வேறு திசை. 1994இல் மாலி நாட்டின் அலி ஃபர்க்கா தூரேயோடு 'டாக்கிங் டிம்பக்டூ'. அப்புறம் 1996 மார்ச்சில் ஹவானா. மாலியிலிருந்து இரண்டு கலைஞர்கள் வந்து கியூபாக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பதாகத் திட்டம். அவர்களுக்குப் பயணம் கூடி வரவில்லை, ஸ்டுடியோவோ தயாராக இருக்கிறது. உள்ளூர்ப் பெரியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். சொந்தமாகப் பியானோகூட இல்லாத ரூபென் கொன்சாலெஸ், காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பாடகர் இப்ராஹிம் ஃபெரேர். அதுதான் 1997இல் வந்த 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்', உலகம் முழுக்க ஓடியது. எனக்கு அந்த வராமல்போன இருவர் யார் என்பதில்தான் மனம் நின்றது. ஒருவர் பாஸேகு குயாத்தே. தோல் போர்த்திய ங்கோனி என்ற சின்னத் தந்திக் கருவி வாசிப்பவர். அவருடைய 'செகு ப்ளூ' (2007) எனக்குக் கிடைத்தது இப்படித்தான், ஓர் ஆல்பத்தில் இல்லாத ஆளைத் தேடிப் போய். விட்டுப்போன அந்தச் சந்திப்பும் 2010இல் 'அஃப்ரோகியூபிஸம்' என்று நடந்தது. நல்ல ஆல்பம். ஆனால் என் தட்டில் அதிகம் ஓடுவது 'செகு ப்ளூ'தான்.

இப்போது வீட்டில் ஓடுவது 1971இல் வந்த ஒன்று. எனக்கு அது புதுசு. கானவ்யா என்று ஒரு பாடகி இருக்கிறார். ஜாஸ் பாட்டுகளைத் தமிழில் பாடி 2018இல் 'ஐக்கியம்: ஒண்ணு' என்ற ஆல்பம் போட்டவர். 2024இல் வந்த அவருடைய 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' வழியாக ஆலிஸ் கோல்ட்ரேனிடம் போய்ச் சேர்ந்தேன். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் மனைவி, பியானோவும் ஹார்ப் என்ற யாழ் மாதிரியான கருவியும் வாசித்தவர். ஆல்பத்தின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. எந்தச் சச்சிதானந்தர் என்று பார்த்தால், 1969இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழா மேடையில் பேசினாரே, அந்தச் சுவாமி. கோயம்புத்தூர் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர். அந்தச் சாலையில் நான் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு.

அதைக் கேட்பதானால் ஹார்ப்பை விட்டுவிடுங்கள், அது எப்படியும் உங்கள் மேல் கொட்டும். செசில் மெக்பீ வாசிக்கும் பாஸை, அடியில் கனமாக ஒலிக்கும் பெரிய தந்திக் கருவியை, மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் தம்புரா ஓட, அந்த ஒரே பிடியைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டே போவார்.

மூன்றாவது கேள்வி, ஆல்பம் வீண் வேலையா என்பது. பாதி வீண்தான். இரண்டு நல்ல பாட்டும் எட்டு ஒப்புக்குச் சப்பாணியும் சேர்ந்து ஆல்பம் என்று வந்தவை ஏராளம். நம் சினிமாப் பாடல் கேசட்டுகளில் வரிசைக்கு அர்த்தம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அவற்றை உடைத்துக் கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. மேலே சொன்ன நாலு பாட்டு ஆல்பத்தை உடைக்க எனக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். உயிராக நினைக்கும் ஆல்பம் என்கிறீர்கள், 52 நிமிடம் என்கிறீர்கள், தூக்கம் போனது என்கிறீர்கள். அது என்ன ஆல்பம் என்று எங்கேயும் சொல்லவில்லை. பெயரையும், எங்கே காதை வைக்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை.