ஸ்லீவா, பைபாஸா? முதலில் நெஞ்செரிச்சலைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 42. எடை 98 கிலோ, உயரம் 158 செ.மீ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரையோடு இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.2. முழங்கால் வலியும் உண்டு. இரவில் படுத்தால் தொண்டை வரை புளித்து வருகிறது. எங்கள் ஊரில் நடந்த இலவச முகாமில், எடையைக் குறைக்க ‘ஸ்லீவ்’ என்ற இரைப்பை அறுவை சிகிச்சையே போதும், இன்னொரு முறையான இரைப்பை பைபாஸ் ஆபத்தானது என்றார்கள். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் கட்டணச் சலுகை உண்டாம். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, முன்பணத்தைக் கட்டாதீர்கள். உங்களிடம் பேசியவர் மருத்துவர்தானா என்று கேட்டீர்களா? இத்தகைய முகாம்களில் ‘ஆலோசகர்’ என்று உட்கார்ந்திருப்பவர்களில் பலர், ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குபவர்கள். எடை, உயரம், காப்பீட்டு அட்டை மூன்றையும் மறக்காமல் கேட்பார்கள். நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்க மாட்டார்கள். உங்கள் விஷயத்தில் முடிவு அதில்தான் இருக்கிறது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் வெட்டி எடுத்துவிடுவோம். பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். குடலில் கை வைப்பதில்லை. ஆனால், மிஞ்சும் குறுகிய குழாயில் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறும். ஏற்கெனவே புளித்து வருபவருக்கு அது இன்னும் மோசமாகலாம். வெட்டியதைத் திரும்ப வைக்க வழியில்லை. எரிச்சல் தாங்காமல் இரண்டாவது அறுவையாக பைபாஸுக்கு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்களில் பலருக்கு முதலிலேயே எண்டோஸ்கோப்பி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) செய்திருந்தால் போதும்.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதில் சிறுகுடலை நேராக இணைப்போம். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். உணவு அந்த வழியே போகாது. பெரும்பாலோருக்குப் புளித்து வருவது அடங்குகிறது. எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும்; இன்சுலின் அளவை உடனே குறைக்க வேண்டியிருக்கும். ஒன்பது ஆண்டு நோய்க்கு மருந்தே வேண்டாம் என்று எவராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்டோஸ்கோப்பியில் தடையாக எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு நான் சொல்வது பைபாஸ்தான். ஸ்லீவைவிட நேரமும் கைப்பழக்கமும் கூடுதலாகக் கேட்கும். அதற்காக ஆபத்து என்று மிரட்டுவது தவறு. ‘மினி பைபாஸ்’ என்று வேறொரு முறையையும் சொல்வார்கள். அதில் பித்தநீர் மேலேற வாய்ப்புண்டு, உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றே ஒன்று இந்தப் பதிலை மாற்றிவிடும்: முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மெடிக்கலில் “கால் வலிக்கு ஒரு செட் கொடுங்கள்” என்றதும் நான்கைந்து மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறார்களே, அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற ஒன்று இருக்கும். பைபாஸ் செய்தவருக்கு இது குடலை இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். ரத்தம் கசியும், சில சமயம் ஓட்டையே விழும். புகைப்பதும் புகையிலை போடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். எடை குறைந்தால் வலியும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் குறையும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க உங்களால் முடியுமா? பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் மட்டும் வைத்துச் சமாளித்துப் பாருங்கள். வலி மாத்திரை இல்லாமல் முடியவே முடியாது என்றால் அறுவை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது ஸ்லீவைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கும். வாத நோய்க்காகத் தொடர்ந்து இம்மாத்திரை தேவைப்படுபவருக்கும் இதுதான்.

காப்பீட்டுக்கு வருவோம். எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் உங்கள் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 39. நம் மக்களுக்குச் சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5-ஐத் தாண்டினாலே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது இந்திய மருத்துவ வழிகாட்டுதல். காப்பீட்டு நிபந்தனையோ 40 கேட்கிறது. 35 என்றால் குறிப்பிட்ட சில நோய்களும் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சர்க்கரை ‘கட்டுக்கடங்காததாக’ இருக்க வேண்டுமாம்! ஒழுங்காக மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்குப் பணம் இல்லை. இதை எழுதியவர்கள் ஒரு நோயாளியையாவது பார்த்திருப்பார்களா? உங்கள் 9.2 அறிக்கையையும் பழைய சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். சேர்வதற்கு முன்பே எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். கையில் பணம் இல்லையென்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. காத்திருக்க நேரலாம், வட்டிக்கு வாங்குவதைவிட அது மேல்.

இப்போது செய்ய வேண்டியது எண்டோஸ்கோப்பி. இரவில் பலமாகக் குறட்டை விட்டால் தூக்கப் பரிசோதனையும் வேண்டும். அறிக்கைகளோடு, கத்தியை எடுக்கப்போகும் மருத்துவரையே நேரில் பாருங்கள். இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் இருப்பாரா, வீடு திரும்பிய பின் காய்ச்சலோ படபடப்போ வயிற்று வலியோ வந்தால் யாரை அழைப்பது என்று கேட்டு, பதிலை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.