இனிஷியல் பார்க்கிற வேலை

கேள்வி: ஐயா, இந்த வருடம் பி.காம். முடித்தேன். அப்பாவுக்கு லுங்கித் தறி. முதலீட்டுத் துறையில் வேலை பார்க்க ஆசை. இரண்டு இடத்தில் கூப்பிடுகிறார்கள். வேலூரில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸ்: சம்பளம் 18,000, மாதம் 30 டீமேட் கணக்கு (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) பிடித்துத் தர வேண்டும். சென்னையில் மியூச்சுவல் ஃபண்ட் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை: 15,000. "பி.காம். படிச்சிட்டு ஃபாரம் பார்க்கவா போற?" என்கிறார் மாமா. எதில் சேரட்டும்?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: ஃபாரம் பார்க்கவே போங்கள் அம்மா. நான் சொன்னேன் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

2003-ல் வேலூரில் ஒரு ஃபண்ட் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்தேன். ஆறு மாதம் என் கையில் இருந்தது ஸ்டேப்ளரும் விண்ணப்பக் கட்டும்தான். ராத்திரி வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தின் அருமை 2007-ல், முதலீட்டுக்கு பான் கட்டாயமானபோது புரிந்தது. நம் ஊரில் பெயர் ஒன்று, முன்னால் இனிஷியல். பான் அட்டையிலோ இனிஷியலை விரித்து அப்பா பெயராகவே எழுத வேண்டும். பாஸ்புக்கில் வெறும் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் பெயர். ஒரே பெண்மணிக்கு மூன்று பெயர், விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவுக்கு மூன்று நாள் அலைந்து அதைச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த மாதம் தங்கையையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இன்று என்னிடம் இருக்கும் குடும்பங்களில் பாதி அப்படி வந்தவைதான்.

சென்னை வேலையில் இதைத் தினமும் நூறு தடவை பார்ப்பீர்கள். எந்தக் கையெழுத்து ஒத்துப்போகாமல் எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை முதலீடு நின்றது, பங்குச்சந்தை ஃபண்டில் மதியம் 3 மணிக்குள் பணம் போய்ச் சேராவிட்டால் அன்றைய என்.ஏ.வி. (ஃபண்டின் ஒரு யூனிட் விலை) ஏன் கிடைக்காது, நாமினி போடாமல் இறந்தவரின் குடும்பம் எப்படி அலைகிறது என்பதெல்லாம் கைக்குப் பழகிவிடும்.

அந்த 30 கணக்கு? முதல் மாதம் சொந்தக்காரர்கள், இரண்டாம் மாதம் தெருக்காரர்கள். பிறகு, அவர்களை எஃப் அண்ட் ஓ (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் வியாபாரம்) பண்ணச் சொல்லும்படி நெருக்குவார்கள். எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. மாத வட்டி என்று டெபாசிட் வாங்கி ஓடியவர்களால் நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது! அதில் ஆள் பிடித்துக் கொடுத்தவர்களும் வேலைக்குப் போன பிள்ளைகள்தான். உங்கள் தெருவில் நீங்கள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

சேருவதற்கு முன், செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வை (மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்களுக்கான தேர்வு) எழுதிவிடுங்கள். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 50 மார்க் வாங்கினால் தேர்ச்சி. தப்பான பதிலுக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். பாடப் புத்தகம் அவர்கள் தளத்திலேயே இலவசம், கோச்சிங்குக்குக் காசு கட்டாதீர்கள். வேலை தர டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவின் பான், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எதில் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போங்கள். பிழை பிடிக்கத் தெரியுமா என்று அங்கே கேட்டால், அந்தத் தாளை எடுத்து வையுங்கள்.