தோற்கிற அணியைப் பையனுக்குக் கொடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் ஆட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கடைசி மூன்று சீசனுக்குள் இரண்டு டிவிஷன் இறங்கிவிட்டோம். கேலரி பாதி காலி. பெண்கள் அணி இந்த வருடம் மேல் டிவிஷனுக்கு ஏறியிருக்கிறது, அதற்கும் போகிறேன், ஆனால் அங்கே பார்க்க வருவது நூறு பேர் இருந்தால் அதிகம். என் பையனுக்கு ஒன்பது வயது. மான்செஸ்டர் சிட்டி ஜெர்சிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். "நம்ம டீம் எப்பப் பாத்தாலும் தோக்குதுப்பா" என்கிறான். அவனை வற்புறுத்தி எங்கள் அணிப் பக்கம் இழுப்பது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். கடைசி ஆட்டத்தின்போது கிளப் நிர்வாகத்தைத் திட்டினேன். பல வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்காரும் நண்பர், "உண்மையான ரசிகன் இப்படிப் பேசமாட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த ஜெர்சியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒன்பது வயதில் ஜெயிக்கிற அணியைப் பிடிப்பதில் எந்தத் துரோகமும் இல்லை. ஆனால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஜெர்சியின் கதையையும் சொல்லுங்கள்.

1998-99 சீசனில் அதே மான்செஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் மூன்றாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. உங்களை மாதிரியே மூன்று வருடத்துக்குள் இரண்டு டிவிஷன் இறங்கி வந்த அணிதான் அதுவும். 1999 மே 30-ஆம் தேதி வெம்பிளியில் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், எதிரே கில்லிங்ஹாம். ஜெயித்தால் மேலே, தோற்றால் இன்னொரு வருடம் அதே மூன்றாம் டிவிஷன். 90 நிமிடம் முடியப்போகிற நேரத்தில் சிட்டி 0-2 என்று பின்தங்கியிருக்கிறது, அதன் ரசிகர்களில் பலர் அதற்குள் எழுந்து நடையைக் கட்டிவிட்டார்கள். அப்போது கெவின் ஹார்லாக் ஒரு கோல் போட்டார். 90 நிமிடத்துக்கு மேல் கூடுதலாகத் தந்த நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் பால் டிக்காவ் இன்னொன்று. அப்புறம் பெனால்டியில் சிட்டி ஜெயித்தது. அந்த மூன்றாம் டிவிஷன் சீசனில் சொந்த மைதானத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28 ஆயிரம் பேர் வந்தார்கள். பணமும் கோப்பைகளும் வந்து சேர்ந்தது எத்தனையோ வருடம் கழித்துத்தான். உங்கள் பையனுக்கு இன்று கிடைத்திருக்கிற அணி, அன்றைக்குத் தோற்றுக்கொண்டிருந்த அணியைப் பார்க்க வந்தவர்கள் கைமாற்றிக் கொடுத்தது. இதைக் கேட்டால் அவனே உங்கள் அணியைப் பற்றி ஏதாவது கேள்வி கேட்பான் என்று நினைக்கிறேன்.

வற்புறுத்தாதீர்கள், மைதானத்துக்கு மட்டும் கூட்டிப்போங்கள். அதுவும் முதலில் பெண்கள் அணி ஆட்டத்துக்கு. என் மகளை நான் முதன்முதலில் கூட்டிப்போனது அப்படி ஒரு ஆட்டத்துக்குத்தான், கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கூட்டம் குறைவாக இருந்ததால் ஆடுகிறவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழுந்தது. டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கத்து கோல் கீப்பர் என்ன செய்கிறார் என்று யாரும் காட்டமாட்டார்கள். மகள் ஆட்டத்தையே பார்க்கவில்லை, அந்த கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே இரண்டு குதி குதிப்பார், பூட்ஸை போஸ்டில் இடது, வலது என்று தட்டி மண்ணை உதிர்ப்பார், உடனே "லைனை ஏத்து! ஏத்து!" என்று தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவார். நாங்கள் 1-3 என்று தோற்றோம். வீட்டுக்கு வந்ததும் மகள் ஷூவைக் கழற்றாமல் நிலைப்படியில் இடது, வலது என்று தட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த ஆட்டம் எப்போது என்று அவள்தான் கேட்டாள், நான் கேட்கவில்லை.

சரி, உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகத்தைத் திட்டினால் அணியைக் கைவிட்டதாக அர்த்தமா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, அர்த்தம் இல்லை. நிர்வாகமும் அணியும் ஒன்று என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

அர்ஜென்டினாவில், அவெய்யனேடாவில், ரேசிங் கிளப் என்று ஒரு அணி. கடனில் மூழ்கிப்போய் 1999 மார்ச் மாதம், திவால் வழக்கைக் கவனித்துவந்த பொறுப்பாளர் இந்த கிளப் இனி இல்லை என்றே அறிவித்துவிட்டார். மார்ச் 7-ஆம் தேதி நடக்க வேண்டிய ஆட்டமும் நின்றுபோனது. அன்றைக்கு ரசிகர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். ஆட்டம் கிடையாது, எதிரணி கிடையாது, பந்துகூடக் கிடையாது, ஆனால் கேலரி நிறைந்திருந்தது. நின்று பாடிவிட்டுப் போனார்கள். அந்தத் தேதியை இன்றும் ரேசிங் ரசிகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கிளப் பிழைத்தது, 2001 டிசம்பரில் 35 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டமும் ஜெயித்தது. எனக்கு என்னவோ அந்தப் பட்டத்தைவிட ஆட்டமே இல்லாத அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமைதான் பெரியதாகப் படுகிறது.

இங்கிலாந்தின் விம்பிள்டன் கால்பந்து கிளப்பின் கதை இன்னும் நேரடியானது. 1988-இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை வாங்கிய கிளப் அது. 2002-இல் அதைத் தென் லண்டனிலிருந்து அப்படியே பெயர்த்து மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக உரிமையாளர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நிர்வாகத்தின் பின்னால் போவதுதான் விசுவாசம் என்றால் ரசிகர்கள் மில்டன் கீன்ஸுக்கு வண்டி ஏறியிருக்க வேண்டும். அவர்களோ சில வாரத்துக்குள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்து, விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடலில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்து, ஒன்பதாவது டிவிஷனில் போய் நின்றார்கள். முதல் ஆட்டமே 0-4 தோல்வி. அதைப் பார்க்க நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். 2011-இல் அந்த அணி நான்காவது டிவிஷனுக்கு, அதாவது தொழில்முறை லீகுக்குள், ஏறி வந்தது. 2020-இல் பழைய மைதானம் இருந்த அதே பிளவ் லேனில் சொந்த மைதானம் கட்டித் திரும்பியும் வந்துவிட்டது.

ஜெர்மனியில், பெர்லினில், யூனியன் என்ற கிளப்பின் ரசிகர்கள் 2004-இல் ரத்தம் கொடுத்து, அதில் கிடைத்த பணத்தை கிளப்புக்குத் தந்தார்கள். 2008-இல் மைதானத்தைப் புதுப்பிக்கக் காசில்லாதபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளமில்லாமல் கான்கிரீட் வேலை பார்த்தார்கள். அந்த கேலரியில் நிற்கிற ஒருவர் நிர்வாகத்தைப் பற்றி ஏதாவது சொன்னால், பேசாதே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? உங்கள் இருபது வருடமும் அப்படிப்பட்டதுதான். கணக்கு கேளுங்கள், வரவு செலவைக் கேளுங்கள், பெண்கள் அணிக்கு ஏன் நல்ல மைதானம் தருவதில்லை என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று, ஆடுகிற பையன்களைத் திட்டாதீர்கள். பந்தைத் தவறவிட்ட இருபது வயதுப் பையனுக்குத் தெரியாத எதையும் நாம் கேலரியிலிருந்து கத்திச் சொல்லிவிடப் போவதில்லை.

நண்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் அணி இறங்கிய ஒரு வருடம், கோபத்தில் நான் அந்த சீசன் முழுக்கவே போகவில்லை. அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்குத் தயங்கித் தயங்கிப் போனேன், என்ன கேட்பார்களோ என்று ஒரு கூச்சம். பக்கத்து சீட்காரர் என்னைப் பார்த்தார், என் சீட்டில் வைத்திருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார், "கீப்பர் புதுசு, கையைச் சீக்கிரம் நீட்டிடறான்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வருடம் முழுக்க அவர் அந்த சீட்டில் பையைத்தான் வைத்திருந்தார் என்று பின் வரிசைக்காரர் அப்புறம் சொன்னார்.

உங்கள் நண்பர் வருவதற்கு முன்னால் நீங்கள் போய்விடுங்கள், அவர் சீட்டில் உங்கள் பையை வையுங்கள். பையன் அந்த நீல ஜெர்சியோடு வந்தாலும் பரவாயில்லை, கோலுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். ஸ்கோரை நான் எப்படியும் பார்த்துக்கொள்வேன், பையன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எழுதுங்கள்.