குனிந்த மூன்று பெண்களும் குதிரைமேல் ஒருவரும்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தில் மூன்று பெண்கள் வயலில் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்துப் பாரிஸ் பணக்காரர்கள் மிரண்டார்களாமே, மிரள என்ன இருக்கிறது?

பதில்: படத்தின் பின்னணியைப் பார்க்காமல் வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், பலரும் அப்படித்தான். தூரத்தில் வெயில் பட்டு மின்னும் பெரிய பெரிய கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, கூட்டமாக அறுப்பாட்கள், வலது ஓரத்தில் குதிரைமேல் ஒரு கங்காணி. விளைச்சல் மொத்தமும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மூவரும் அந்தப் பண்ணையின் கூலியாட்கள்கூட இல்லை. அறுத்து முடித்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்குப் பிரான்சில் பழைய உரிமை ஒன்று இருந்தது, அதுவும் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, பெண்களுக்கு வருவோம். இருவர் தரையோடு தரையாகக் குனிந்திருக்கிறார்கள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். இடது ஓரத்துப் பெண் ஒரு கையால் பொறுக்கிக்கொண்டே, சேர்த்த கதிரை மறு கையில் முதுகுக்குப் பின்னால் பிடித்திருப்பதைக் கவனியுங்கள், இப்படிக் குனிந்து பழகாத ஆளுக்கு அந்தக் கை அங்கே போகாது. முகங்கள் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் சரித்திர நாயகர்களுக்கும் புனிதர்களுக்கும் கொடுக்கிற கனத்தை இந்த உடம்புகளுக்கு மில்லே கொடுத்துவிட்டார். வம்பு அங்கேதான். படம் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு வந்தது 1857-இல், பிரான்சில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி முடிந்து ஒன்பதே வருடம். வசதியானவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஒரு விமர்சகருக்கு இந்தப் பெண்களுக்குப் பின்னால் கலகக்காரர்களின் ஈட்டிகளும் முதல் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793-இன் கொலைமேடைகளும் தெரிந்தனவாம்! எனக்கென்னவோ எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் குதிரைக்காரர்தான் கண்ணில் படுகிறார்.

கேள்வி: மில்லே வயலில் இறங்கி வேலை செய்தவரா, வேடிக்கை பார்த்து வரைந்தவரா?

பதில்: இரண்டும். 1814-இல் நார்மண்டியில் க்ரூஷி என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், இளவயதில் அப்பாவோடு வயல்வேலை செய்தவர். 1849-இல் பாரிஸுக்கு அருகே பார்பிசோன் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, 1875-இல் சாகும்வரை தூரிகைதான். மேலே சொன்ன படம் அவருக்குக் கொடுத்தது 3,000 பிராங்க். அவர் இறந்தபின், 1889-இல், அதே படம் ஏலத்தில் 3,00,000 பிராங்குக்குப் போனது.