பிழை −74 வந்தால் நேண்ட் ஃபிளாஷை ஸ்க்ரப் செய்யலாமா? கெர்னலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

செய்யாதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரையாவது அந்தக் கட்டளையைத் தட்டாமல் இருங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இது: நேண்ட் ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் நினைவகச் சிப்) உள்ள போர்டில் லினக்ஸ் கெர்னலைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறீர்கள், கெர்னலை ஏற்றி ஓடவிடும் யூ-பூட் நிரல் பழையதாகவே இருக்கிறது. இப்போது பூட் ஆகும்போது யூபிஐ அடுக்கு முதல் பிளாக்கை (ஒரே தடவையில் அழிக்கப்படும் பகுதியை) படிக்கும் இடத்திலேயே −74 என்ற பிழையோடு, அதாவது படித்ததைத் திருத்த முடியவில்லை என்று, நின்றுவிடுகிறது. ‘யூ-பூட்டில் நேண்ட் ஸ்க்ரப் கொடு, சுத்தமாகிவிடும்’ என்று அலுவலக நண்பர் சொல்கிறார். கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். (பணம் அனுப்பும் யுபிஐயைத் தேடி வந்தவர்களுக்காக: இது ஃபிளாஷின் தேய்மானத்தையும் கெட்ட பிளாக்குகளையும் கவனித்துக்கொள்ளும் கெர்னல் அடுக்கு. கட்டளைகளையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன், வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும்.)

உங்கள் நண்பர் எங்கே தடுமாறுகிறார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஸ்க்ரப் என்ற ஒரே சொல்லுக்கு இந்தத் தொழிலில் இரண்டு பொருள் உண்டு. யூபிஐ தன் பதிவுகளில் ஸ்க்ரப் என்று எழுதினால், ஒரு பிளாக்கில் சில பிட்டுகள் புரண்டிருக்கின்றன, திருத்திப் படித்து வேறு பிளாக்குக்கு மாற்றப் போகிறேன் என்று அர்த்தம். அது நல்ல காரியம். யூ-பூட்டின் நேண்ட் ஸ்க்ரப் அதற்கு நேர் எதிரானது. சிப் தயாரித்தவர்கள் ‘இது கெட்டது, தொடாதே’ என்று குறித்து அனுப்பிய பிளாக்குகளையும் சேர்த்து அழித்துவிடும். அந்தக் குறிகளைத் திரும்பப் பெற நம்பகமான வழி கிடையாது. யூ-பூட்டே இதை எச்சரிக்கையாக அச்சிட்டு, சம்மதம் என்றால் ஒய் எழுத்தை அழுத்தச் சொல்லிக் கேட்கும்.

அந்த ஒய் எழுத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பத்து வருடங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஸ்பின்னிங் மில்களில் ரிங் பிரேம்களின் உற்பத்திக் கணக்கை எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பும் பெட்டியைச் செய்துகொண்டிருந்தோம். உள்ளே 256 எம்பி நேண்ட் சிப். 2048 பிளாக்குகள், ஒரு பிளாக்கில் 64 பக்கங்கள், பக்கத்துக்கு 2048 பைட், அதன் பின்னால் 64 பைட் உபரி. அந்த உபரி இடத்தைத்தான் ஓஓபி என்கிறோம். பிழை திருத்தக் குறியும் (ஈசிசி) கெட்ட பிளாக் குறியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். இந்த அளவு சிப்பில் 40 பிளாக்குகள் வரை கெட்டிருக்கலாம் என்று தரவுத்தாளே சொல்லும். அது குறையுள்ள சிப் என்று பொருளல்ல, நேண்ட் விலை மலிவாக இருப்பதே அந்தச் சலுகையினால்தான்.

எங்கள் யூ-பூட் தன் அமைப்புகளை ஃபிளாஷில் ஒரு குறிப்பிட்ட முகவரியில் சேமிக்கும்படி வைத்திருந்தோம். ஒரே ஒரு பிளாக், அதற்கு மாற்று கிடையாது. ஒரு தொகுதியில் சில போர்டுகளில் அந்த பிளாக்கே கெட்டதாக அமைந்துவிட்டது. எழுத முடியவில்லை. பின்னால் இரண்டு மூன்று பிளாக்குகளை உதிரியாக ஒதுக்கி, கெட்டதைத் தாண்டிப் போகும்படி யூ-பூட்டில் வரம்பை அகலமாக்கியிருந்தால் முடிந்திருக்கும், அரை மணி நேர வேலை. மூத்த பொறியாளர் ஒருவர் ஸ்க்ரப் கொடுத்துப் பார்த்தார். பிழைச் செய்தி மறைந்தது, எழுதவும் முடிந்தது. உற்பத்திப் பிரிவின் செயல்முறைத் தாளில் ஏழாவது படியாக அது ஏறிவிட்டது.

அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு போர்டாகச் செய்துகொண்டிருந்தவர் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஓர் அக்கா. மற்ற பொறியாளர்களை எல்லாம் சார் என்பார். என் ஊரும் அவர் ஊரும் பல்லடம் பக்கம் என்பதால் என்னை மட்டும் தம்பி என்பார். ஒருநாள் என் மேசைக்கு வந்து, “தம்பி, ஏழாவது படியில் ஏதோ எச்சரிக்கை வருகிறதே, ஒய் கொடுக்கலாமா?” என்று கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தாளில் இருப்பதைச் செய்யுங்கள் அக்கா” என்றேன்.

சுமார் முந்நூறு போர்டுகள் அப்படிப் போயின. முதல் சில வாரங்கள் ஒரு புகாரும் இல்லை. வெயில் ஏறியதும் மில்களிலிருந்து பெட்டிகள் ஒன்றொன்றாகத் திரும்பின. எல்லாவற்றிலும் −74.

ஏன் உடனே சாகவில்லை என்று கேட்பீர்கள். சிப் ஆலையில் வெப்பத்திலும் மின்னழுத்தத்திலும் எல்லைவரை கொண்டுபோய்ச் சோதித்துத்தான் கெட்ட பிளாக் என்று குறிக்கிறார்கள். அந்த பிளாக் குளிர்சாதன அறையில் ஒருமுறை அழித்து எழுதினால் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். மில்லின் சூட்டில் மாதக்கணக்கில் ஓடும்போதுதான் அதன் குணம் தெரியும். குறி இருக்கும் இடமும் மென்மையானது: பிளாக்கின் முதல் அல்லது இரண்டாம் பக்கத்து ஓஓபியில் ஒரு பைட். அது எஃப்எஃப் ஆக இல்லாவிட்டால் கெட்டது. அழிப்பது என்றால் எல்லாப் பிட்டையும் ஒன்றாக்குவது, அதாவது எல்லாப் பைட்டையும் எஃப்எஃப் ஆக்குவது. குறியும் அதோடு போய்விடும்.

முதலில் மின்வழங்கியைச் சந்தேகித்தோம், பிறகு சால்டரிங்கை. இரண்டு வாரம் வீணானது. கடைசியில், திரும்பி வந்த நாற்பது போர்டுகளிலும் கெட்ட பிளாக் எத்தனை என்று வெறுமனே எண்ணிப் பார்த்தேன். நாற்பதிலும் பூஜ்யம். ஒன்றிரண்டு சிப்பில் பூஜ்யம் இருப்பது இயல்பு, நாற்பதிலும் இருக்க வாய்ப்பில்லை. கிடங்கில் இருந்த, இன்னும் யாரும் தொடாத போர்டுகளை எடுத்துப் பார்த்தேன்: 3, 5, 11, 2. அன்று மாலைதான் செயல்முறைத் தாளைக் கையில் வாங்கி ஏழாவது படியைப் படித்தேன்.

கூட்டம் போட்டார்கள். ‘எச்சரிக்கை வந்தும் ஒய் அழுத்தியது யார்?’ என்ற கேள்வியில்தான் அது தொடங்கியது, அதிலேயே முடிந்தது. தாளை எழுதியவர் வாய் திறக்கவில்லை. தாளில் தவறு என்று நான் சொன்னேன். ஆனால் அந்த அக்கா என்னிடம் வந்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அங்கே சொல்லவில்லை. மறுமாதம் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தொழிற்கூடங்களில் பொறியாளர் செய்த தவறுக்கு ‘கற்றுக்கொண்டோம்’ என்று பெயர், ஒப்பந்தத் தொழிலாளி செய்த தவறுக்கு ‘கவனக்குறைவு’ என்று பெயர். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும். தேநீர் கூட எங்களுக்கு மேசைக்கு வரும், அவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அந்த முந்நூறு போர்டு விவகாரத்தில் எச்சரிக்கையை உண்மையாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன், நீக்கப் போவதில்லை.

உங்கள் போர்டுக்கு வருகிறேன். −74 என்றால் படித்த பக்கத்தின் பிழையைத் திருத்தக் குறியால் சரிசெய்ய முடியவில்லை என்று பொருள். கெர்னலை மாற்றிய அன்றே, முதல் பிளாக்கிலிருந்தே வருகிறது என்றால் சிப் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எழுதியவர் ஒரு திருத்தக் குறியில் எழுதியிருக்கிறார், படிப்பவர் வேறொன்றை எதிர்பார்க்கிறார். பழைய கெர்னலில் இந்த அமைப்பு போர்டு கோப்பிலோ விற்பனையாளர் தந்த டிரைவருக்குள்ளோ புதைந்திருக்கும். புதியதில் டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) வருகிறது. அங்கே நேண்ட்-ஈசிசி-ஸ்ட்ரெங்த் (எத்தனை பிட் திருத்தலாம்), நேண்ட்-ஈசிசி-ஸ்டெப்-சைஸ் (எத்தனை பைட்டுக்கு) என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். இல்லாவிட்டால் டிரைவர் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும், அது உங்கள் யூ-பூட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எழுதப்பட்டது எந்தக் குறியில் என்று ஊகிக்கத் தேவையில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். யூ-பூட்டில் நேண்ட் டம்ப் கொடுத்து, கெர்னல் படிமம் இருக்கும் பகுதியில் தரவு நிறைந்த ஒரு பக்கத்தை எடுங்கள். வெற்றுப் பக்கத்தை எடுத்தால் ஓஓபியும் வெறும் எஃப்எஃப் ஆகத்தான் தெரியும். ஓஓபியின் 64 பைட்டில் கடைசி 24 மட்டும் (40 முதல் 63 வரை) நிரம்பியிருந்தால் அது மென்பொருள் ஹாமிங் என்ற வகைத் திருத்தக் குறி, 256 பைட்டுக்கு ஒரு பிட் திருத்தும். 52 பைட் நிரம்பியிருந்தால் எட்டு பிட் திருத்தும் பிசிஎச்-8 வகையாக இருக்கும், 512 பைட்டுக்கு 13 பைட் வீதம் நான்கு முறை. 28 என்றால் பிசிஎச்-4. சில கட்டுப்பாட்டுச் சிப்புகள் ஒரு பைட் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், ஆகவே எண்ணிக்கை சற்று மாறலாம்.

பிறகு சிப்பின் தரவுத்தாளில் குறைந்தது எத்தனை பிட் திருத்தம் வேண்டும் என்று இருக்கிறது என்பதைப் படியுங்கள். யூ-பூட் பயன்படுத்துவது அதற்குப் போதுமானால், கெர்னலை அதற்கு இணங்க மாற்றுங்கள், ஒரு பைட்டையும் அழிக்க வேண்டியதில்லை. போதாது என்றால் இரண்டையும் வலுவான குறிக்கு மாற்றிவிட்டு, சாதாரண நேண்ட் இரேஸ் கொடுத்துத் திரும்ப எழுதுங்கள். இரேஸ் கெட்ட பிளாக்குகளைத் தொடாமல் தாண்டிப் போகும், உங்களுக்குத் தேவையான சுத்தம் அதிலேயே கிடைத்துவிடும். லினக்ஸுக்குள்ளிருந்து செய்வதானால் யூபிஐ-ஃபார்மட் இன்னும் மேல், ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்ற கணக்கையும் அது காப்பாற்றும். ஒரே ஒரு கவனம்: முதல் பூட்லோடரை சிப்புக்குள் எரிக்கப்பட்ட ரோம் நிரல் தன் சொந்தத் திருத்தக் குறியில் படிக்கும். அந்தப் பகுதியை உங்கள் விருப்பத்துக்கு மாற்றினால் போர்டு எழவே எழாது.

கெர்னல் மெனுவில் டிவைஸ் டிரைவர்ஸ் என்பதற்குள் மெமரி டெக்னாலஜி டிவைஸ் பகுதி இருக்கிறது. அதில் ரா நேண்ட், உங்கள் கட்டுப்பாட்டுச் சிப்பின் டிரைவர், பிரிவினையை டிவைஸ் ட்ரீயிலோ கட்டளை வரியிலோ படிக்கும் பகுதி, யூபிஐ ஆகியவற்றையும், கோப்பு முறைமைகள் பகுதியில் யூபிஐஎஃப்எஸ்ஸையும் தேர்ந்தெடுங்கள். ரூட் கோப்பு முறைமை ஃபிளாஷிலேயே இருந்து, தனி இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது ரேமில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) இல்லை என்றால் இவற்றை எம் என்று மாட்யூலாக விடாதீர்கள், ஒய் என்று உள்ளேயே சேருங்கள். மாட்யூல் இருக்கும் இடத்தை ஏற்றவே அந்த மாட்யூல்தான் தேவைப்படும். எம்டிடி-பிளாக்கின் (ஃபிளாஷைச் சாதாரண வட்டு போலக் காட்டும் அடுக்கின்) மேல் சாதாரணக் கோப்பு முறைமையை ஏற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதற்குக் கெட்ட பிளாக் என்ற ஒன்றே தெரியாது. பூட் பதிவையும் வரி விடாமல் படியுங்கள். சிப் கேட்பதைவிட உங்கள் திருத்தக் குறி பலவீனமாக இருந்தால் இப்போதைய கெர்னல்கள் அதை எச்சரிக்கையாகவே எழுதுகின்றன.

ஸ்க்ரப்புக்கு நியாயமான பயனே இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. தவறான டிரைவர் குறி பைட்டின் மேல் எதையோ எழுதிவிட, நல்ல பிளாக்குகள் நூற்றுக்கணக்கில் கெட்டதாகத் தெரிந்தால் வேறு வழி இருக்காது. அப்போதும் ஆலைக் குறிகளின் பட்டியலை முன்பே எடுத்து வைத்திருந்தால் மட்டுமே, அழித்தபின் கையால் திரும்பக் குறிக்க முடியும். ஈஎம்எம்சி போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பவர்களுக்கும் சொல்கிறேன்: உண்மைதான், அதற்குள் ஒரு கட்டுப்பாட்டுச் சிப் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆனால் கேட்டவர் கையில் இருப்பது நேண்ட் போர்டு. எங்கள் முந்நூறு போர்டுகளுக்கும் அந்த யோசனை உதவவில்லை. கிடங்கில் மிஞ்சியவற்றில் சிப்பை மாற்றினோம், மில்லில் இருந்தவற்றைத் திரும்ப வரவர மாற்றினோம், ஒன்றரை வருடம் ஆனது.

பழகிப் பார்க்க விரும்பினால் நேண்ட்சிம் என்ற மாட்யூலை உங்கள் மேசைக் கணினியில் ஏற்றுங்கள். ரேமுக்குள் ஒரு பொய் நேண்ட் சிப் உருவாகும், அதில் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம்.

இப்போது ஓர் உதவி செய்யுங்கள். பழைய கெர்னலில் போர்டை எழுப்பி, சிஸ் கோப்பகத்தில் கிளாஸ், அதற்குள் எம்டிடி, அதற்குள் உங்கள் எம்டிடி எண் என்று போய், ஈசிசி_ஸ்ட்ரெங்த், ஈசிசி_ஸ்டெப்_சைஸ், பேட்_பிளாக்ஸ் என்ற மூன்று கோப்புகளிலும் என்ன எண் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். புதிய கெர்னலில் நெட்வொர்க் வழியாக எழுப்ப முடிந்தால் அதே மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் நண்பர் ஏற்கெனவே ஏதாவது ஒரு போர்டில் ஸ்க்ரப் கொடுத்துப் பார்த்திருந்தால், எந்த போர்டு என்று கேட்டு அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.