கேள்வி–பதில்: ‘கார்’ யாரென்று கம்பைலருக்கு யார் சொன்னது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்துவிட்டன. உள்ளமைந்த ஃபங்ஷன்களைப் பற்றிக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) என்னென்ன அறிந்து வைத்திருக்கிறது என்பதே அது. லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான் லிஸ்ப் கற்கத் தொடங்கியிருக்கும் மாணவி. (+ 2 3) என்று எழுதினால், காமன் லிஸ்ப் என்ற லிஸ்ப் வகைக்கான எஸ்.பி.சி.எல். கம்பைலர் கூட்டலையே நீக்கிவிட்டு 5 என்ற மாறிலியை வைத்துவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் ஃபங்ஷனை நானே எழுதி, வேறொரு கோப்பிலிருந்து அழைத்தால் அப்படிச் செய்வதில்லை. இரண்டும் ஃபங்ஷன்தானே?

பதில்: இரண்டும் ஃபங்ஷன்தான். ஆனால் ‘+’ பற்றி ஒரு மனிதர் உட்கார்ந்து கம்பைலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் ஃபங்ஷனைப் பற்றி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எஸ்.பி.சி.எல். மூலநிரலில் இதற்கென்றே ஒரு நீண்ட கோப்பு இருக்கிறது. ‘டெஃப்நோன்’ என்று தொடங்கும் பதிவுகள் பக்கம் பக்கமாக நீளும். ஒவ்வொரு பதிவிலும் ஃபங்ஷனின் பெயர், அது ஏற்கும் ஆர்க்யுமென்ட்களின் (அதற்குக் கொடுக்கும் மதிப்புகளின்) வகை, அது திருப்பித் தரும் மதிப்பின் வகை, கடைசியாகச் சில அடையாளங்கள் இருக்கும். ‘+’ எத்தனை எண்களை வேண்டுமானாலும் ஏற்கும், ஓர் எண்ணைத் தரும், அதன் அடையாளங்களில் ‘ஃபோல்டபிள்’ (முன்கூட்டியே கணிக்கலாம்), ‘ஃப்ளஷபிள்’ (விடை வேண்டாமென்றால் எறியலாம்), ‘மூவபிள்’ (இடம் மாற்றலாம்) மூன்றும் உண்டு. ஆர்க்யுமென்ட்கள் எல்லாமே மாறிலிகள், ஃபங்ஷன் ‘ஃபோல்டபிள்’ என்று தெரிந்த உடனே கம்பைலர் அதை அங்கேயே அழைத்து, விடையை நிரலில் பதித்துவிடுகிறது. நீங்கள் எழுதியதை நாளை நீங்களே மாற்றி எழுதக்கூடும். அதற்கு யார் பொறுப்பு?

இந்தப் பழக்கம் மிகப் பழையது. 1962-இல் வந்த லிஸ்ப் 1.5 கையேட்டைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு சிம்பலுக்கும் (நிரலில் வரும் பெயருக்கும்) ஒரு பண்புப் பட்டியல் உண்டு. ‘சப்ஆர்’ என்ற பண்பு இருந்தால் அது இயந்திர மொழியில் இருக்கும் ஃபங்ஷன். ‘எக்ஸ்பிஆர்’ என்றால் லிஸ்பிலேயே எழுதியது. ‘எஃப்சப்ஆர்’ என்றால் ஆர்க்யுமென்ட்களை மதிப்பிடாமல் அப்படியே கொடுக்க வேண்டும். பெயரோடு அதன் குணத்தையும் ஒட்டி வைக்கலாம் என்ற எண்ணம் அன்றே வந்துவிட்டது. இன்று எஸ்.பி.சி.எல். அதற்கெனத் தனித் தகவல் கிடங்கு வைத்திருக்கிறது. அடையாளங்கள் ஒரே எண்ணின் தனித்தனி பிட்டுகளாக இருப்பதால், இது ‘ஃபோல்டபிளா’ என்று கேட்பது ஒரு பிட்டைச் சோதிக்கும் வேலைதான்.

கேள்வி: பக்கவிளைவு இல்லாத, அதாவது விடை தருவதைத் தவிர வேறெதையும் மாற்றாத ஃபங்ஷனைத் ‘தூய்மையானது’ என்று ஒரே அடையாளத்தால் குறித்தால் போதாதா? எதற்கு இத்தனை?

பதில்: போதாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் விளக்கத் தயாராக இருக்கிறேன், ஏனென்றால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

பட்டியலின் முதல் உறுப்பைத் தரும் ‘கார்’ ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதையும் மாற்றுவதில்லை. விடையை யாரும் பயன்படுத்தாவிட்டால் அழைப்பையே தூக்கி எறியலாம், ஆகவே ‘ஃப்ளஷபிள்’. நிரலில் மாறிலியாக எழுதிய பட்டியலின் மேல் அழைத்தால் முன்கூட்டியே விடை கண்டுவிடலாம், ஆகவே ‘ஃபோல்டபிள்’. மாறிலிப் பட்டியலை யாரும் மாற்றக் கூடாது என்று காமன் லிஸ்ப் தரநிலையே சொல்கிறது. ஆனால் அதை இடம் மாற்றக் கூடாது. காரணம் இதோ:

(லெட் ((அ (கார் ப)))
  (செட்எஃப் (கார் ப) 10)
  அ)

இங்கே முதல் வரியில் பழைய மதிப்பைப் படித்து வைக்கிறோம். இரண்டாம் வரி அந்த இடத்தில் 10-ஐ எழுதுகிறது. ‘அ’ ஒரே ஓர் இடத்தில்தானே பயன்படுகிறது, ‘கார்’ அழைப்பை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று கம்பைலர் நினைத்தால், பழைய மதிப்புக்குப் பதிலாக 10 வந்து நிற்கும். எனவே ‘கார்’ ‘மூவபிள்’ அல்ல. ‘+’ அப்படியல்ல. எண்களை யாரும் உள்ளே புகுந்து மாற்ற முடியாது, எங்கே வைத்துக் கூட்டினாலும் விடை ஒன்றுதான்.

இப்போது ‘கான்ஸ்’. இரண்டு மதிப்புகளைச் சேர்த்து நினைவகத்தில் புதிய இணை ஒன்றை உருவாக்குவது இது. பயன்படாவிட்டால் எறியலாம். ஒருமுறை ஓடுவது ஒருமுறையே ஓடும் வரை, சற்று முன்னே பின்னே நகர்த்தவும் செய்யலாம். ஆனால் (கான்ஸ் 1 2) என்று இரண்டு மாறிலிகளைக் கொடுத்திருந்தாலும் கம்பைல் செய்யும்போதே விடையைக் கண்டு பதிக்கக் கூடாது. பதித்தால், அந்த வரி நூறு முறை ஓடினாலும் ஒரே இணைதான் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் அதில் எழுதுவது மற்றொருவருக்குத் தெரிந்துவிடும். ஆக, ‘கார்’ பெற்ற அனுமதி ‘கான்ஸு’க்கு இல்லை, ‘கான்ஸ்’ பெற்றது ‘காரு’க்கு இல்லை. இரண்டுமே உலகத்தில் எதையும் கெடுக்காத ஃபங்ஷன்கள்தான்.

கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லும் ஃபங்ஷன் இன்னொரு ரகம். விடை வேண்டாமென்றால் எறிந்துவிடலாம், ஆனால் முன்கூட்டிக் கணிக்கவும் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. ‘ரேண்டம்’ தன் உள்நிலையையே மாற்றிக்கொள்வதால், அதை எறிந்தால்கூட அடுத்து வரும் எண் மாறிவிடும். ‘ரெட்யூஸ்’ போன்றவை நீங்கள் கொடுக்கும் ஃபங்ஷனை உள்ளே அழைப்பவை. தங்களளவில் அவை சாதுவானவை, ஆனால் கையில் கொடுத்த ஃபங்ஷன் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அதற்காகவே ‘கால்’ (அழைப்பது) என்று தனி அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

இந்த அடையாளங்கள் ஃபங்ஷனுக்குத் தரும் நற்சான்றிதழ்கள் அல்ல, கம்பைலருக்குத் தரும் அனுமதிகள். எறியலாமா, முன்கணிக்கலாமா, நகர்த்தலாமா என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. பதிலும் தனித்தனியாக வேண்டும்.

கேள்வி: பயன்படாத அழைப்பை எறிந்துவிடுகிறது என்கிறீர்கள். அந்த அழைப்பு ஒரு பிழையை எழுப்ப வேண்டியதாக இருந்தால்? பிழையும் சேர்ந்து மறைந்துவிடுமே!

பதில்: கூர்மையான கேள்வி. இதை எஸ்.பி.சி.எல். இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆர்க்யுமென்ட்டின் வகை தவறாக இருப்பதால் வரும் பிழை ஒன்று. அந்தச் சோதனையை அழைக்கும் பக்கமே செய்துவிடும், ஆகவே அழைப்பை எறிந்தாலும் பாதுகாப்பான நிரலில் சோதனை மிஞ்சும். வகை சரியாக இருந்தும் ஃபங்ஷனுக்குள்ளேயே எழக்கூடிய பிழை மற்றொன்று. அத்தகைய ஃபங்ஷன்களுக்கு ‘அன்சேஃப்லி ஃப்ளஷபிள்’ என்ற அடையாளம் தருகிறார்கள். பாதுகாப்பு அளவை உச்சமான 3-இல் வைத்தால் அவை எறியப்படுவதில்லை.

இமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பியின் லிஸ்பில் இதே கவலைக்கு வேறு விடை. அங்கே ஃபங்ஷனின் சிம்பலிலேயே ‘சைடு எஃபெக்ட் ஃப்ரீ’ என்ற பண்பை வைக்கிறார்கள். அதன் மதிப்பு ‘எர்ரர் ஃப்ரீ’ என்று இருந்தால் பயன்படாத அழைப்பைத் தயங்காமல் நீக்கலாம். வெறும் ‘ஆம்’ என்றால், பிழைகளை நீக்கவும் அனுமதிக்கும் அமைப்பை நீங்களே இயக்கினாலன்றி அழைப்பு அப்படியே இருக்கும். அந்த அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கிறது. நல்ல முடிவு என்பேன். பிழையைத் தேடிக்கொண்டிருப்பவனிடமிருந்து பிழையை ஒளித்து வைப்பதைவிடப் பெரிய துரோகம் ஒரு கருவி செய்ய முடியாது.

கேள்வி: (/ 1 0) என்று மாறிலியாக எழுதினால், முன்கணிக்கப் போய் கம்பைலரே விழுந்துவிடாதா?

பதில்: விழாது. கணிக்க முயலும், பிழை எழும், அதைப் பிடித்து உங்களுக்கு ஓர் எச்சரிக்கை தரும், அழைப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். நிரல் அந்த வரிக்கு வரும்போது பிழை முறைப்படி எழும். ஒருவேளை அந்தக் கிளைக்கு நிரல் வராமலே போகலாம் அல்லவா?

கேள்வி: இந்தப் பதிவுகளில் ஒன்று தவறாக இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: பெரும்பாலும், பாதிக்கப்பட்டவர். அதனால்தான் இந்தக் கோப்பில் கைவைப்பவர்கள் மேல் எனக்கு அளவற்ற மரியாதை.

‘ஸ்கொயர்ரூட்’ ஃபங்ஷனைப் பாருங்கள். காமன் லிஸ்பில் -4 கொடுத்தால் பிழை வராது. மெய்ப்பகுதி 0, கற்பனைப்பகுதி 2 கொண்ட கலப்பெண் வரும். பதிவை எழுதுபவர் இதை மறந்து, இது எப்போதும் மிதவைப் புள்ளி எண்ணைத் தரும் என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிரலில் விடை கலப்பெண்ணா என்று சோதித்து, ஆம் எனில் வேறு வழியில் போகும் ஒரு கிளை இருக்கிறது. கம்பைலர் பதிவை நம்பி, அது கலப்பெண்ணாக இருக்கவே முடியாது என்று முடிவு செய்து, அந்தக் கிளையையே வெட்டிவிடும். நிரலில் எந்த எழுத்தும் தவறில்லை, விடை மட்டும் தவறு. இந்த வகைப் பிழையைத் தேடுவது கொடுமை, ஏனென்றால் நாம் தேடும் இடத்தில் அது இல்லை.

சரியான பதிவு அகலமாக இருக்க வேண்டியிருக்கிறது: ‘ஏதோ ஓர் எண்’. ஆனால் அகலமான பதிவால் வேகம் கிடைக்காது. இந்த இழுபறிக்குத் தீர்வாகப் பதிவோடு சிறு கணக்கீடுகளையும் இணைக்கிறார்கள். ஆர்க்யுமென்ட் எதிர்மறை அல்லாத மெய்யெண் என்று தெரிந்தால், விடையும் மெய்யெண் என்று அந்தக் கணக்கீடு சொல்லும். 0 முதல் 10 வரையுள்ள இரண்டு முழு எண்களைக் கூட்டினால் விடை 0 முதல் 20 வரை என்றும் அதே வழியில் தெரிந்துகொள்கிறது. அந்த அளவு தெரிந்த பிறகு, இயந்திரம் நேரடியாகக் கையாளும் அளவைத் தாண்டிய பெரிய எண்ணாகிவிடுமோ என்ற சோதனை தேவையற்றுப் போகிறது. இந்த நுட்பங்கள் பலவும் கார்னகி மெல்லனில் உருவான சி.எம்.யு. காமன் லிஸ்பிலிருந்து வந்தவை. எஸ்.பி.சி.எல். 1999-இல் அதிலிருந்து கிளைத்தது. அந்தக் கம்பைலரின் பெயர் ‘பைத்தான்’. அதே பெயருள்ள மொழிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: ‘+’ ஃபங்ஷனை நானே மாற்றி எழுதினால் இந்தப் பதிவுகள் எல்லாம் பொய்யாகிவிடுமே?

பதில்: மாற்றக் கூடாது என்பதே விதி. காமன் லிஸ்ப் தொகுப்பில் உள்ள 978 சிம்பல்களின் ஃபங்ஷன் பொருளை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குத் தரநிலை எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை. எஸ்.பி.சி.எல். அந்தத் தொகுப்புக்குப் பூட்டே போட்டிருக்கிறது. இந்த விதி இல்லாவிட்டால் முழுப் பதிவேடும் மணல்மேல் கட்டிய வீடு. இமாக்ஸில் மாற்ற முடியும், ஆனால் ‘கார்’ போன்றவற்றுக்கு பைட்கோடில் (இமாக்ஸ் கம்பைலர் உருவாக்கும் இடைநிலை நிரலில்) தனி ஆணையே இருப்பதால், ஏற்கெனவே கம்பைல் செய்த நிரல்கள் உங்கள் மாற்றத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கேள்வி: ஐயா, மூன்று எண்கள் கொண்ட பட்டியலை ‘சார்ட்’ ஃபங்ஷனால் வரிசைப்படுத்தினேன். பிறகு மாறியைப் பார்த்தால் ஒரே எண்தான் இருக்கிறது. கம்பைலரும் ஏதோ முணுமுணுத்தது.

பதில்: அது முணுமுணுத்ததைப் படித்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது, தம்பி. விடையை எறியக் கூடாது என்று அது உங்களிடம் சொல்லியிருக்கிறது.

(லிஸ்ட் 3 1 2) என்று உருவாக்கிய பட்டியலை ‘ப’ என்ற மாறியில் வைத்திருக்கிறீர்கள். ‘ப’ சுட்டுவது 3 இருக்கும் முதல் இணையை. ‘சார்ட்’ இணைகளின் தொடுப்புகளை மாற்றிக் கட்டுகிறது. இப்போது 1-லிருந்து 2-க்கும், 2-லிருந்து 3-க்கும் தொடுப்பு. 3-க்குப் பின் எதுவுமில்லை. ஆனால் ‘ப’ இன்னும் அந்தப் பழைய 3-ஐயே சுட்டுகிறது, ஆகவே (3) மட்டும் தெரிகிறது. ஒழுங்கான பட்டியல் ‘சார்ட்’ திருப்பித் தந்த மதிப்பில் இருந்தது, அதை நீங்கள் வாங்கவில்லை. (செட்எஃப் ப (சார்ட் ப ...)) என்று எழுதுங்கள்.

இதையும் இந்தத் தொடரில் சேர்க்கக் காரணம், அந்த எச்சரிக்கை வருவதும் அதே பதிவேட்டிலிருந்துதான். ‘சார்ட்’, ‘என்ரிவர்ஸ்’, ‘டெலிட்’ போன்றவற்றின் பதிவில் ‘இம்பார்ட்டன்ட் ரிசல்ட்’ என்ற அடையாளம் இருக்கிறது. கம்பைலருக்கு இதனால் ஒரு வேகமும் கிடைப்பதில்லை. எழுதுபவருக்காகவே சேர்த்தது. எல்லா அடையாளங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது.

கேள்வி: என் சொந்த ஃபங்ஷன்களுக்கும் இப்படி அடையாளம் தர வழி உண்டா? உள்ளமைந்தவற்றின் அடையாளங்களை எங்கே பார்ப்பது?

பதில்: இமாக்ஸில் வழி நேரானது. ஃபங்ஷனின் ‘டிக்ளேர்’ வரியில் ‘ப்யூர்’ என்றும் ‘சைடு எஃபெக்ட் ஃப்ரீ’ என்றும் நீங்களே எழுதலாம். எழுதும் முன் ஒன்றை யோசியுங்கள்: ஓர் இயந்திரத்தில் கம்பைல் செய்த கோப்பு வேறோர் இயந்திரத்தில் ஓடும். இயந்திரத்தைப் பொறுத்து விடை மாறும் ஃபங்ஷன் ‘ப்யூர்’ ஆகாது.

காமன் லிஸ்ப் தரநிலையில் வகைகளை அறிவிக்கலாம், ‘இன்லைன்’ (அழைப்புக்குப் பதில் ஃபங்ஷனின் உடலையே அங்கே வைப்பது) கேட்கலாம், மாறிலிகளுக்குக் கம்பைலர் மேக்ரோ (கம்பைல் செய்யும்போதே அழைப்பை வேறு நிரலாக மாற்றும் விதி) எழுதிக்கொள்ளலாம். ‘ஃபோல்டபிள்’ என்று சொல்லும் வழி தரநிலையில் இல்லை. எஸ்.பி.சி.எல்.-இன் ‘டெஃப்நோன்’ உள்ளறைச் சாமான். எடுத்துப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அடுத்த பதிப்பில் அது அப்படியே இருக்கும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. எனவே கம்பைலர் மேக்ரோவைத்தான் பரிந்துரைப்பேன்.

பார்ப்பது மிக எளிது. எஸ்.பி.சி.எல்.-இல் (டிஸ்க்ரைப் 'கார்) என்று தட்டுங்கள். வகை விவரங்களுக்குக் கீழே ‘நோன் ஆட்ரிப்யூட்ஸ்’ என்று ஒரு வரி வரும். ‘கார்’, ‘கான்ஸ்’, ‘+’, ‘சார்ட்’ நான்கையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எந்த அடையாளம் இல்லை என்று குறித்துக்கொண்டு, ஏன் இல்லை என்பதற்கு ஒரு சிறு நிரல் எழுதிப் பாருங்கள். விடை பிடிபடாதவற்றை எனக்கு எழுதுங்கள்.