கணினிக் கேள்வி–பதில்: தலைப்புச் செய்தியும் வீட்டு ஆபத்தும்

கேள்வி: கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் ஆகியவற்றிலிருந்து 1,600 கோடி கடவுச்சொற்கள் திருடு போனதாக 2025 ஜூன் மாதம் செய்தி வந்தது. அன்று முதல் மாதந்தோறும் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, ஒரு டைரியில் எழுதி வைத்து வருகிறேன். இது போதுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்த எண்ணையே முதலில் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். உலக மக்கள்தொகையே ஏறத்தாழ 800 கோடிதான். அப்படியானால் கைக்குழந்தை உட்பட ஆளுக்கு இரண்டு கடவுச்சொற்கள் திருடு போயிருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்த சுமார் 30 தரவுத் தொகுப்புகளை ஆய்வாளர்கள் கண்டறிந்து, அவற்றிலிருந்த பதிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரே பதிவு பல தொகுப்புகளில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பழைய கசிவுகளும் கலந்திருந்தன. அந்த மூன்று நிறுவனங்களின் கிடங்கை யாரும் புதிதாக உடைத்துவிடவில்லை.

ஆனால் இந்தப் பரபரப்பில் அடிபட்டுப்போன ஓர் உண்மை உண்டு. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி தனிமனிதர்களின் கணினிகளிலிருந்து, தகவல் திருடும் நிரல்கள் சுரண்டி எடுத்தவை. பிரவுசரில் நாம் சேமித்து வைக்கும் கடவுச்சொற்களையும், ஒருமுறை உள்ளே நுழைந்தபின் நம்மை அடையாளம் காட்டும் குக்கீக்களையும் அந்த நிரல்கள் சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. அவை வீட்டுக்குள் வரும் வழியும் மர்மமானதன்று. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாகத் தருகிறோம் என்னும் தளத்திலிருந்து சுருக்கிக் கட்டிய ஒரு சிப் (zip) கோப்பை இறக்குகிறோம். ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்’ என்று அதனுள் ஒரு குறிப்பு இருக்கிறது. நாமும் பணிவாக அணைக்கிறோம். நாயைக் கட்டிவைத்துவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

தங்கள் டைரியைக் கண்டு நான் சிரிக்க மாட்டேன். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவனால் கும்பகோணத்து மேசை இழுப்பறையைத் திறக்க முடியாது. மாதாமாதம் மாற்றும் வேலையைத்தான் நிறுத்திவிடலாம். அப்படி மாற்றுகிறவர்கள் அலுத்துப்போய், கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காரணமின்றிக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றே கூறிவிட்டது. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறெங்கும் பயன்படுத்தாத தனித்தனிக் கடவுச்சொற்களை வைத்து, கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். கணினியில் தீநிரல் புகுந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், புதிய கடவுச்சொல்லை அதே கணினியில் தட்டாதீர்கள். அதையும் அந்த நிரல் படித்துக்கொள்ளும். கைப்பேசியிலிருந்து மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள்.

கேள்வி: வைரஸ் பற்றிய செய்திகள் எல்லாமே மிகைதானா? எங்கள் கணினியில் பத்து ஆண்டுக் குடும்பப் படங்கள் இருக்கின்றன.
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: சில மிகை, சில உண்மை, ஆனால் இரண்டுமே பெரும்பாலும் வீட்டை விட்டுத் தள்ளியே நடந்திருக்கின்றன.

1992 மார்ச் 6 அன்று மைக்கேலேஞ்சலோ என்னும் வைரஸ் விழித்தெழுந்து 50 லட்சம் கணினிகள் வரை அழித்துவிடக்கூடும் என்று அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வாரக்கணக்கில் முழங்கின. மைக்கேலேஞ்சலோ என்ற இத்தாலிய ஓவியரின் பிறந்தநாளும் அதே தேதியாக இருந்ததால் ஆய்வாளர்கள் சூட்டிய பெயர் அது. வைரஸுக்குள் அவரைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நாள் வந்தது, பாதிக்கப்பட்டவை 10,000 முதல் 20,000 வரை என்று மதிப்பிட்டார்கள்.

வான்னாக்ரை என்னும் தீநிரல் அப்படிப்பட்டதன்று. 2017 மே 12 அன்று தொடங்கி ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை அது முடக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அப்டேட்டைத் தானாக ஏற்றுக்கொள்ளும்படி விட்டிருந்த வீட்டுக் கணினிகள் தப்பின. வெளியிலிருந்து வரும் அழைப்பில்லாத இணைப்புகளை வீட்டு ரவுட்டரும் வழக்கமாக உள்ளே விடுவதில்லை. அடிபட்டவை பெரும்பாலும் அப்டேட் செய்யப்படாமல், ஒரே வலையமைப்பில் அடுத்தடுத்துக் கோத்துக் கிடந்த அலுவலகக் கணினிகள்.

தாங்கள் அஞ்ச வேண்டியதன் பெயர் ஸ்டாப். 2018 முதல் பரவிய இந்தப் பணயத் தீநிரல் எந்த மருத்துவமனையையும் முடக்கிப் பெயர் வாங்கவில்லை. அதனால் முதல் பக்கத்துக்கும் வரவில்லை. கிராக் எனப்படும் திருட்டு மென்பொருள் வழியாக வீடுகளுக்குள் நுழைந்து, படங்களையும் மாணவர்களின் ஆய்வேடுகளையும் பூட்டி வைத்து, 980 டாலர் கேட்டது. 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர் என்று ஆடித் தள்ளுபடியும் அறிவித்தது. இந்தியாவில் அதற்கு இரையான வீடுகள் ஏராளம்.

தங்கள் படங்களுக்கோ இதைவிடச் சாதாரணமான எதிரியும் உண்டு. ஹார்டு டிஸ்க் ஒருநாள் ‘டக் டக்’ என்று ஒலி எழுப்பிவிட்டு நின்றுபோகும்; அதற்குத் தீநிரல் தேவையில்லை, வயதும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் போதும். வெளியில் இணைக்கும் டிஸ்க் ஒன்று வாங்கிப் படங்களைப் படியெடுத்து, எடுத்து முடித்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டுவிட்டால் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கேள்வி: மடிக்கணினியின் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: ஒட்டுங்கள். 2016-இல் வெளியான ஒரு படத்தில் மார்க் ஜுக்கர்பெர்க்கின் மடிக்கணினிக் கேமராவே டேப்பால் மூடப்பட்டிருந்தது. செலவும் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கைக் காலி செய்கிறவனுக்குத் தங்கள் முகத்தைப் பார்க்கும் ஆர்வம் இருக்காது.

கேள்வி: ஆண்டுதோறும் ஆன்டிவைரஸ் வாங்குவது அவசியமா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: விண்டோஸுடன் விலையின்றி வரும் டிஃபெண்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அந்தப் பணத்தை அசல் விண்டோஸுக்குச் செலவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது’ என்று ஒரு குரல் அலறியது. திரையில் இருந்த எண்ணை அழைத்தேன். அவர்கள் சொன்ன செயலியையும் நிறுவிவிட்டேன். பயந்து பாதியில் துண்டித்துவிட்டேன். ஆபத்து உண்டா?
– சிறுதொழில் செய்பவர், சேலம்

பதில்: உண்டு. இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திராதீர்கள் என்று தங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சிவப்புத் திரை வைரஸன்று. முழுத்திரையாக விரிந்து, ஒலியெழுப்பி, மூடும் பொத்தானை மறைத்துக்கொண்ட வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்தாலோ, டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை நிறுத்தினாலோ போய்விடும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. கணினிக்கு நிஜமான தீங்கு நேர்வது, எதிர்முனையில் இருப்பவர் ‘பதறாதீங்க சார், நாங்களே சரிபண்ணித் தர்றோம்’ என்று சொல்லி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நம் கையாலேயே நிறுவ வைக்கும்போதுதான். அந்தச் செயலியும் பெரும்பாலும் அலுவலகங்களில் நியாயமாகப் பயன்படும் ஒன்றாகவே இருப்பதால், ஆன்டிவைரஸ் அதைத் தடுப்பதில்லை.

இப்போது இணையத்தைத் துண்டித்து, செயலியை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சாரும். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. வெட்கப்பட்டு மறுநாள் வரை மறைத்து வைப்பவர்களின் பணம்தான் கணக்குவிட்டுக் கணக்குத் தாவி மறைந்துபோகிறது.

என் பெரியப்பாவுக்கும் இதே திரை ஒருமுறை வந்தது. அவருக்கு எஸ்கேப் விசை எங்கே இருக்கிறதென்று தெரியாது, எண்ணைப் படிக்கக் கண்ணாடியும் கையில் இல்லை; எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்விசிறியும் நின்றுபோன அறையில் எனக்காகக் காத்திருந்தார்.